அட்வான்ஸ் நோட்டில் இருக்கும் அடிமைத்தனம்

கேள்வி: கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் 'நவீன அடிமைத்தனம்' பற்றி விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்போதும் அப்படி ஒன்று இருக்கிறதா? இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பேரணி, உறுதிமொழி தவிர உருப்படியாக என்ன செய்யலாம்?

பதில்:

இருக்கிறது. வருவாய்த் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் வட மாவட்டங்களில் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் தோப்பு என்று கொத்தடிமை விசாரணைகளுக்குக் கோப்பும் கையுமாகப் போயிருக்கிறேன். மேலதிகாரி கேள்வி கேட்பார், நான் வாக்குமூலம் எழுதுவேன். மரத்தடியில் உட்கார்ந்து எழுதியவன் பார்த்ததைச் சொல்கிறேன், உங்கள் நிகழ்ச்சிக்கு உதவும் என்று தோன்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போன சூளையில் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். வேலி இல்லை, பூட்டு இல்லை, ஒரு கேட் கூட இல்லை. கூப்பிடு தூரத்தில் பஸ் போகிற ரோடு. தொழிலாளர்களை வரிசையாக உட்காரவைத்து, ஓனர் பக்கத்தில் கை கட்டி நிற்கும்போதே கேட்டோம்: "உங்களை இங்க யாராச்சும் அடைச்சு வச்சிருக்காங்களா?" எல்லோரும் ஒரே குரலில் "இல்ல சார்" என்றார்கள். 'விசாரித்ததில் கொத்தடிமைத் தொழிலாளர் எவரும் இல்லை' என்று அறிக்கை எழுதிவிட்டுத் திரும்பினோம். அதை எழுதியது இந்தக் கைதான். இன்றைக்கும் நினைத்தால் உறுத்தும்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு அதிகாரியோடு வேறொரு சூளைக்குப் போனேன். அவர் ஓனரை ஜீப் பக்கம் அனுப்பிவிட்டு, ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அடிமை, கொத்தடிமை என்ற சொற்களையே வாயில் எடுக்கவில்லை. ஒரு பெண்ணிடம் கேட்டார்: "கடைசியா எப்பம்மா ஊருக்குப் போனீங்க?"

"எங்கம்மா செத்ததுக்குப் போனேன் சார்."

"எல்லாரும் போனீங்களா?"

"நானும் அவரும் போனோம். பசங்கள இங்கயே விட்டுட்டுப் போகச் சொன்னாங்க."

"எத்தனை நாள் இருந்தீங்க?"

"அன்னிக்கு ராவே வந்துட்டோம். கருமாதிக்குப் போகல."

அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. வேலி எதற்கு, பிள்ளைகள் இருக்கும்போது?

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இந்த உரையாடலிலேயே இருக்கிறது. நாம் அடிமை என்றதும் சங்கிலியையும் சாட்டையையும் தேடுகிறோம். அது கண்ணில் படவில்லை என்றதும் 'கஷ்டப்படுகிற கூலிக்காரர்கள், அவ்வளவுதான்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். கஷ்டப்படுகிற கூலிக்காரருக்கும் கொத்தடிமைக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். முன்னவர் நாளைக்கு வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

'கொத்தடிமை' என்ற சொல்லுக்குப் பழைய அகராதிகள் குடும்பத்தோடு அடிமைப்பட்டிருப்பது என்று பொருள் சொல்கின்றன. இதைவிடச் சரியான சொல் கிடைக்காது. கடன் வாங்கியவர் ஒருவர், உழைப்பது வீடு மொத்தமும். செங்கல் சூளையில் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கே எழுந்துவிடுவார்கள், வெயில் ஏறினால் கல் அறுக்க முடியாது. புருஷன் அச்சில் கல் அறுப்பான், மனைவி மண் குழைத்து உருட்டிக் கொடுப்பாள், பிள்ளைகள் முந்தின நாள் கல்லைத் திருப்பித் திருப்பிக் காயவைப்பார்கள். அட்வான்ஸும் கூலியும் எழுதிவைக்கும் ஓனரின் கணக்கு நோட்டில் பெயர் புருஷன் பெயர் மட்டும். மனைவிக்குத் தனிக் கூலி கிடையாது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் "சும்மா விளையாடுதுங்க சார்" என்பார்கள்.

சரி, இது எப்படி ஆரம்பிக்கிறது? மழையில். ஐப்பசி, கார்த்திகையில் சூளைகள் மூடியிருக்கும், கூலி வேலையும் இருக்காது. தீபாவளி வரும், இல்லாவிட்டால் வீட்டில் பிரசவமோ சாவோ வரும். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி, அதாவது சூளைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர், வருவார். பத்தாயிரமோ இருபதாயிரமோ கையில் வைப்பார். பொங்கல் முடிந்ததும் வண்டி வரும், சட்டி பானையோடு ஏற வேண்டியதுதான். ஒடிசாவில் போலாங்கிர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து திருவள்ளூர் சூளைகளுக்கு வருகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே நுவாகாய் பண்டிகையை ஒட்டி அட்வான்ஸ் கைமாறும், புறப்படுவது அதற்குப் பிறகு. ஊர் வேறு, பண்டிகை வேறு, நோட்டு ஒன்று.

அந்த நோட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுகிறேன். அட்வான்ஸ் 20,000. ஒரு ஜோடி நாளைக்கு 1,000 கல் அறுக்கிறது, வாரம் 6 நாள். ஆயிரத்துக்கு 700 ரூபாய் என்று வைத்தால் வாரக் கூலி 4,200. அதில் சாப்பாட்டுக்கு என்று வாரச் செலவு 1,500 கையில் கொடுக்கிறார்கள். மீதி 2,700 கடனில் கழிய வேண்டும். எட்டு வாரத்தில் கணக்குத் தீர்ந்துவிடும், இல்லையா? நான் வாக்குமூலம் எழுதிய குடும்பங்களில் மூன்று வருடம், ஐந்து வருடம், ஒரு பெரியவர் விஷயத்தில் பதினோரு வருடம் ஆகியும் தீரவில்லை.

ஏன் தீரவில்லை என்பது நோட்டிலேயே தெரியும். மழையில் கரைந்த பச்சைக்கல், அதாவது இன்னும் சுடாத கல், கணக்கில் வராது, அறுத்த உழைப்பு போச்சு. உடைந்த கல் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வண்டி வாடகை கடனில் ஏறும். பண்டிகைக்கு எடுத்துக் கொடுத்த சேலை கடனில் ஏறும். சீசன் முடிந்து கணக்கு பார்க்கும்போது, "இன்னும் எட்டாயிரம் நிக்குது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று கணக்குப்பிள்ளை சொல்வார். அடுத்த மழைக்கு இன்னொரு பத்தாயிரம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கணக்கு சொல்கிறவர் சொல்வதுதான் கணக்கு. ஆகவே, கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டால் என் பதில்: எவ்வளவு கடன் என்பதை விட, அந்தக் கடன் எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொரு அடையாளம், ஆள் கைமாறுவது. ஒரு ஓனர் இன்னொரு ஓனரிடம் பாக்கியைக் கட்டி, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவார். "இவங்கள எட்டாயிரத்துக்கு எடுத்தேன்" என்று என் எதிரிலேயே ஒருவர் சாதாரணமாகச் சொன்னார், மாடு பிடித்த மாதிரி. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களிடம் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும், கடனும் கூடவே போகும். 1921இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து வாலாஜா பக்கத்துச் சூளையில் அதே துண்டைப் பார்த்தேன், காகிதம்தான் இல்லை.

சட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் விழிப்புணர்வு என்ற பெயரில் நடக்கும் கூட்டங்களில் சட்டத்தின் பெயரைச் சொல்வார்கள், அது என்ன சொல்கிறது என்று சொல்லமாட்டார்கள். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் வருடத்தது, அதற்கு முந்தைய அவசரச் சட்டம் வந்த 1975 அக்டோபர் 25இலிருந்தே செல்லும். அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்து கால் நூற்றாண்டு கழித்துத்தான் இது வந்தது. கடனுக்காகவோ, சாதி வழக்கம் காரணமாகவோ, பரம்பரைக் கடமை என்றோ ஒருவர் வேலை செய்கிறார். அவருக்குச் சரியான கூலி இல்லை, அல்லது வேறு வேலைக்குப் போக முடியவில்லை, அல்லது விரும்பிய இடத்துக்குப் போய்வர முடியவில்லை, அல்லது தன் உழைப்பையும் பொருளையும் சந்தை விலைக்கு விற்க முடியவில்லை. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று நினைத்துப் பல மனுக்களைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, கொத்தடிமைக் கடன் சட்டப்படி செத்த கடன். கொடுக்க வேண்டியதில்லை என்பதோடு நிற்கவில்லை, அதற்குப் பிறகும் ஓனர் வசூலித்தால் வசூலித்ததே குற்றம், மூன்று வருடம் வரை ஜெயில். இரண்டு, இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு கடன் கொடுத்தவர் தலையில். தொழிலாளி எதையும் நிரூபிக்க வேண்டாம். ஆனால் நடைமுறையில் எத்தனையோ விசாரணையில் தொழிலாளியைத்தான் "உன்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு?" என்று கேட்டோம். அடித்தல் திருத்தல் இல்லாத ஓனர் நோட்டு மேஜைமேல் இருக்கும், இவரிடம் என்ன இருக்கும்?

உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் நடந்த கட்டுமான வேலைகள் தொடர்பான வழக்கில் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைக்கிறார் என்றால், அவரை ஏதோ ஒரு கட்டாயம் தள்ளுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தக் கட்டாயம் பசியாக இருந்தாலும் அது கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். அடுத்து ஃபரிதாபாத் கல்குவாரி வழக்கு. அதை நடத்தியது சுவாமி அக்னிவேஷின் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற கொத்தடிமை விடுதலை அமைப்பு. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதன் பின்னால் ஒரு முன்பணம் இருப்பதாகவே அனுமானிக்க வேண்டும் என்று அதில் சொன்னார்கள். இந்த இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு போனால், "இவங்க விரும்பித்தான் வந்தாங்க சார்" என்று ஓனர் சொல்லும்போது வாயடைத்து நிற்க வேண்டியதில்லை.

ஓனர் பக்கத்து நியாயத்தையும் கேட்கத்தான் வேண்டும். "அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடிட்டா நான் யார்கிட்ட சார் போவேன்?" என்பார்கள். அட்வான்ஸ் கொடுப்பது குற்றமில்லை. மாநிலம் முழுக்க அட்வான்ஸ் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. கொடுத்தது வரவில்லை என்றால் சிவில் கோர்ட் இருக்கிறது, அங்கே போகலாம். ஆளைப் பிடித்து வைக்கிற உரிமை மட்டும் யாருக்கும் கிடையாது. சூளைக்காரர்களில் கணக்கை ஒழுங்காகத் தீர்த்து ஜூனில் ஊருக்கு அனுப்பிவைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் மறு வருடம் ஆள் கிடைக்கத்தான் செய்கிறது.

யார் மாட்டுகிறார்கள்? வட மாவட்டங்களில் என் கோப்புகளில் பாதிக்கு மேல் இருளர் பெயர்கள். ஒரு காலத்தில் பாம்பும் எலியும் பிடித்துப் பிழைத்தவர்கள். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்றது. 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுக்கும் உரிமத்தோடு ஒரு சில நூறு பேருக்கு வழிகாட்டியது. மற்றவர்கள் அரிசி ஆலைக் களத்துக்கும், சூளைக்கும், சவுக்குத் தோப்புக்கும் போனார்கள். நிலம் இல்லை, குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா இல்லை, பல பேருக்குச் சாதிச் சான்றிதழே இல்லை. பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் தரவேண்டியது. "உங்க தாத்தா சர்டிபிகேட் கொண்டா" என்று கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? பாங்க் கடன் தராது, கந்துவட்டிக்காரனும் தரமாட்டான், மேஸ்திரி மட்டும்தான் தருவான். கொத்தடிமைத்தனம் கடனில் தொடங்குகிறது என்று சொல்கிறோம். எங்கள் அலுவலக ஜன்னலில் திருப்பி அனுப்பப்பட்ட மனுவில் அது தொடங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழும் படம் எல்லோர் போனுக்கும் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் உருகினார்கள். எனக்கு உருகுவதைவிட உதைத்தது வேறொன்று. விடுதலை அவருடைய உரிமை. உரிமையைக் கொண்டுவந்து கொடுக்கிறவர் காலில் அவர் விழுகிறார், ஏனென்றால் நாற்பது வருடப் பழைய ஒரு சட்டத்தை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. உங்கள் விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு முதல் பார்வையாளர் அவர்தான். உங்கள் கல்லூரி ஆடிட்டோரியத்தில் இருக்கிற எண்ணூறு பேர் இல்லை.

சூளை மட்டும் இல்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று பதினைந்து பதினாறு வயதுப் பெண்களைச் சேர்த்தார்கள். இடையில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் அந்தப் பணம் கிடைக்காது. இங்கே கடனே இல்லை, கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டதுதான் கயிறு. பெயர் இப்போது யாரும் சொல்வதில்லை, ஆனால் 'கேம்ப் கூலி', அதாவது ஆலை ஹாஸ்டலிலேயே தங்கி வேலை செய்வது, என்று கேட்டுப் பாருங்கள். படித்தவர்களும் தப்பவில்லை. 2022இலிருந்து தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மர் எல்லையில் மியாவாடி பக்கம் கொண்டுபோகப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடைத்துவைக்கப்பட்டார்கள். பாஸ்போர்ட் பிடுங்கப்பட்டது, வெளியே வர ஆயிரக்கணக்கான டாலர் கேட்டார்கள். இன்ஜினியரிங் படித்தவர் கழுத்திலும் அதே நோட்டு. உங்கள் மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற விஷயம் இது ஒன்றுதான், ஆடிட்டோரியத்தில் இதைப் பேசுங்கள்: டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் போகாதே, ஏஜென்ட் வெளியுறவுத் துறையில் பதிவு செய்தவரா என்று அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பார்.

உலக அளவில் எவ்வளவு என்று கேட்பார்கள், ஒரு வரியில் சொல்லிவிடலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் வாக் ஃப்ரீ என்ற அமைப்பும் இன்னும் ஓர் ஐ.நா. அமைப்பும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டில் 4 கோடியே 96 லட்சம் பேர். அதில் 2 கோடியே 76 லட்சம் கட்டாய உழைப்பு, மீதி கட்டாயக் கல்யாணம். நம் நாட்டில் 2016இல் மத்திய அரசு 2030க்குள் 1 கோடியே 84 லட்சம் பேரை மீட்பதாக இலக்கு சொன்னது. 1978இலிருந்து மீட்டு மறுவாழ்வு கொடுத்ததாகக் கணக்கில் இருப்பது சுமார் 3 லட்சம். எண்களை பேனரில் போடுவதானால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இப்போது பெரிய விஷயம், மீட்ட பிறகு. இதைத்தான் யாரும் பேசுவதில்லை. மீட்பு ஒரு நாள் வேலை, போட்டோ எடுக்கலாம். அதற்குப் பிறகு என்ன என்பதற்கு ஓர் அனுபவம். ஒரு சூளையிலிருந்து ஐந்து குடும்பத்தைக் கூட்டி வந்தோம். நாள் வெள்ளிக்கிழமை. விடுதலைச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் கூட்டத்தில் இருந்தார், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லி அவர்களை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டோம். திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. அலுவலகத்தில் கோப்பு இரண்டு மாதம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நடந்தது. சான்றிதழோடு ஊருக்குப் போனபோது மூன்று குடிசையில் ஆள் இல்லை. வேறு மேஸ்திரி, வேறு சூளை. அரிசிக்குக் காசு இல்லாமல் எத்தனை நாள் விடுதலையாக இருப்பார்கள்?

அந்தச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் சாவி. அது இருந்தால்தான் பழைய கடன் செல்லாது என்று காட்ட முடியும், உதவித் தொகை வாங்க முடியும். இப்போதைய விதிப்படி மீட்ட உடனே 30,000 ரூபாய் வரை கொடுக்கலாம். முழு மறுவாழ்வுத் தொகை வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகளில் 3 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழுத் தொகைக்கு ஓனர் மேல் போட்ட வழக்கு முடிய வேண்டும். வழக்கு எப்போது முடியும் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கிற வரை பாதிக்கப்பட்டவர் காத்திருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு இன்றுவரை புரியவில்லை. பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழக்குப் பதியலாம், கொத்தடிமையாக வேலை வாங்குவது அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம். அதற்குத் தனி நிவாரணம் உண்டு. முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பிரிவு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நல்லது நடக்கவே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களே நடத்தும் 'சிறகு' செங்கல் சூளைகள் வந்தன. தெரிந்த தொழில், அதே மண், அதே அச்சு, நோட்டு மட்டும் அவர்கள் கையில். மீட்கப்பட்டவர்கள் சங்கமாகச் சேர்ந்து அடுத்த குடும்பத்தைக் கண்டுபிடித்து மனு எழுதிக் கொடுப்பதும் இந்த மாவட்டங்களில் நடக்கிறது. ஒரு சூளைக்குள் நாங்கள் ஜீப்பில் போய் இறங்கினால் வாய் திறக்காதவர்கள், பழைய கொத்தடிமை ஒருவர் வந்து உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் எல்லாம் சொல்லிவிடுவார்கள். அவர்களைவிட நல்ல விழிப்புணர்வுப் பேச்சாளர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்கள். கூப்பிட்டால் மேடையில் அழவைக்காதீர்கள், வந்துபோகிற செலவைக் கொடுங்கள், முகத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள்.

நீங்களே ஓர் இடத்தைச் சந்தேகப்பட்டால் என்ன செய்வது? உள்ளே போய் வீரம் காட்டாதீர்கள். நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு வந்த அன்று ராத்திரியே லாரி வந்து குடும்பங்களை வேறு இடத்துக்கு ஏற்றிவிடும், இதை நான் இரண்டு முறை பார்த்தேன். இடம், எத்தனை குடும்பம், பிள்ளைகள் எத்தனை, எந்த ஊர்க்காரர்கள், எத்தனை வருடமாக, ஊருக்குப் போகவிட்டார்களா என்று தெரிந்த மட்டும் எழுதி மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் கொடுங்கள். சட்டப்படி இது அவர்கள் பொறுப்பு. நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், முத்திரை இல்லாத மனு காணாமல் போகும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு நகல், அவர்கள் எண் 15100. குழந்தைகள் இருந்தால் 1098. அடிதடி நடக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 112.

நிகழ்ச்சிக்கு வருகிறேன். பிப்ரவரி 9 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாள், 1976 சட்டம் ஒப்புதல் பெற்ற தேதி. ஆட்சியர் அலுவலகத்தில் எல்லோரும் கை நீட்டி உறுதிமொழி எடுப்போம், நானும் எடுத்திருக்கிறேன், டீ நன்றாக இருக்கும். நீங்கள் அதே நாளில் பேரணி போவதை விட மழைக்காலத்தில் வேலையைத் தொடங்குங்கள். மேஸ்திரி வருவதற்கு முன்னால் நீங்கள் போய்விட வேண்டும். உங்கள் தாலுகாவில் எந்த இருளர் குடியிருப்பிலிருந்து, எந்தக் காலனியிலிருந்து சூளைக்குப் போகிறார்கள் என்று பள்ளித் தலைமை ஆசிரியரைக் கேட்டால் சொல்லிவிடுவார். பொங்கல் லீவுக்குப் பிறகு வராமல் போகிற பிள்ளைகள் யார் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் போல ஒரு சாட்சி வேறு இல்லை. அந்தக் குடியிருப்பில் இருபது மாணவர்கள் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், பாங்க் கணக்கு இதற்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தாலே அது பேரணியை விடப் பெரிய வேலை. அப்படியே 'கொத்தடிமைக் கடனைக் கொடுக்க வேண்டியதில்லை, பிள்ளையை ஈடாக விட்டுவர வேண்டியதில்லை' என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள்.

கூடவே வீட்டுக்கு ஒரு சின்ன நோட்டு. தேதி, அறுத்த கல், வாங்கின செலவு, மூன்று கட்டம் போதும், எழுதத் தெரியாதவர்களுக்குக் கோடு போட இடம். இந்த யோசனை என்னுடையது இல்லை. மேலே சொன்னேனே, அம்மா கருமாதிக்குப் போக முடியாத பெண், அவர் குடிசைச் சுவரில் உள்பக்கம் அடுப்புக்கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். ஆயிரம் கல்லுக்கு ஒரு கோடு, வாரத்துக்கு ஒரு வட்டம். யாரும் கேட்டதில்லை, அவரும் காட்டியதில்லை. அதிகாரி டார்ச் அடிக்க, நான் ஒவ்வொன்றாக எண்ணி எழுதினேன். சுவரில் 61 கோடு. கணக்குப்பிள்ளை நோட்டில் அதே நாட்களுக்கு 44 ஆயிரம். அன்று முழுக்க "எல்லாம் நோட்டுல இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டிருந்த ஓனர் அதற்குப் பிறகு நோட்டைப் பற்றிப் பேசவில்லை.

நோட்டு அச்சடிக்கக் காசு பத்தாது என்றால் பேனரை விட்டுவிடுங்கள்.